மூன்றாவது டிஸ்க்

செக்காலை ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே
சோலையப்பன் ஸ்டுடியோ.
வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து பெட்டி கத்துது என்றார்.
அதன் வாயை அடைக்கத் தெரியாமல்
தலையணையைச் சுற்றி வைத்திருந்தார்.
முதலில் அதை எடுத்தேன்.
மூச்சு விடட்டும்.

நாலு டிஸ்க். ஒன்று செத்திருக்கிறது.
திரை மூன்று என்கிறது:
இடமிருந்து மூன்றா,
பூஜ்யத்தில் தொடங்கி எண்ணும் நாலாவதா?
போன வருஷம் தேவகோட்டை ஸ்கேன் சென்டரில்
நல்லதைப் பிடுங்கிவிட்டு
இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தவன் நான்.
டார்ச் அடித்து சீரியல் நம்பரை
மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன்.
பாத்திமுத்து திரையைப் பார்த்து
ஆமா, ஆமா,
அட ஆமாண்ணே என்றாள்.

இழுத்தேன். புதியது போய் டக்கென்று உட்கார்ந்தது.
ரீபில்ட் முடிய பத்தொன்பது மணி நேரம்.
காரைக்குடி கரண்டை நம்பாமல்
யுபிஎஸ் பக்கத்திலேயே நாற்காலி போட்டேன்.

ஏழு சதவீதத்தில் ஒரு பெண் வந்தாள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
கோட்டையூர் உமையாள். நாலு வருஷத்துக்கு முந்தின கல்யாணம்.
'கோர்ட்டுல முடிஞ்சிருச்சு. அழிச்சிருங்க.'
சோலையப்பன் என்னைப் பார்த்தார்.
இப்போது எதையும் தொடாமலிருப்பது நல்லது என்றேன்.

மேசையில் கிடந்ததைக் காட்டி,
'அதுலயா இருக்கேன்?'

எதிலயும் முழுசா இல்லை.
நாலிலும் துண்டு துண்டாக.
ஒன்று போனால் மற்ற மூன்றும் கணக்குப் போட்டு
போனதைத் திரும்ப எழுதும்.

'எழுதாம இருக்கச் சொல்ல முடியாதா?'

புதிய டிஸ்க்கின் விளக்கு படபடத்தது.
அந்த நொடி அது எழுதியது
அவள் திருப்பூட்டாக இருக்கலாம்,
புதுவயலில் ஒரு காதுகுத்தின் அழுகையாக இருக்கலாம்.
எனக்குத் தெரியாது. அதற்கும் தெரியாது.

இன்னொன்றை இழுத்தால் போதும்,
அவள் கேட்டது நடந்துவிடும்;
கூடவே இருநூற்றுப் பதினொரு குடும்பத்துக்கும்.
கையை பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் நூறு.
பச்சை, பச்சை, பச்சை, பச்சை.
சொன்ன நேரத்துக்கு வந்தாள், ஹெல்மெட் கையில்.
'ஒரு இடம் மட்டும் இருக்கட்டும்' என்றாள்.
பந்தியில் அவள் அப்பச்சி
கவுனி அரிசியில் சீனி பத்தலை என்று
சமையல்காரர் கரண்டியைப் பிடுங்குகிற இடம்.
சத்தம் வேண்டாம் என்றாள். பிறகு வைக்கச் சொன்னாள்.
இரண்டு நிமிஷம் பன்னிரண்டு நொடி.
என்ன பேர் போடுறது? பாத்திமுத்து கேட்டாள்.
'சீனி.'

மீதியை அவளே அழுத்தினாள்.
நிச்சயமா என்று கேட்டது பெட்டி.
நிச்சயம்.
ரீசைக்கிள் ஃபோல்டரில் முப்பது நாள் இருக்கும் என்பதை
யார் சொல்வதென்று
நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டோம்.
பாத்திமுத்து சொன்னாள். அதையும் காலி செய்தாள்.

சாயங்காலம் கல்லுக்கட்டியில் கொரியர் ஆபீஸ்.
பழையதைத் திருப்பி அனுப்பினால்தான் வாரண்டி.
படிவத்தில் பழுதின் காரணம் என்றொரு கட்டம்,
நட்சத்திரம் போட்டது, கட்டாயம் நிரப்ப வேண்டும்.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினேன்:
கொஞ்ச நாளாக டிக் டிக் என்றது.
யாரும் கேட்கவில்லை.