தன்மைப் பன்மை

பாரீசில் இரவு எட்டு என்றால்
குருசுக்குப்பத்தில் பதினொன்றரை.
கஸ்பார் மாமா மொட்டைமாடிக்கு ஏறி
டிஷ்ஷில் உட்கார்ந்த காக்கை எச்சத்தைத் துடைத்துவிட்டு வந்தார்.
எதிர்வீட்டுக் கனகராயர் செருப்பை வாசலில் விட்டார்,
வணக்கத்தையும் அங்கேயே.
ஜனாதிபதி பேசப்போகிறார்.

ஜிபூத்தியில் ஒரே கூடாரம் இரண்டு பேருக்கும்.
குப்பித் தண்ணீரை மூடியால் அளந்து குடித்த சொல்தாக்கள்.
இன்றைக்குக் கொன்சுலாவில் ஓட்டுப்போடப்
போகும்போது ஆட்டோ கூடத் தனித்தனி.
இவர் சிவப்பு, அவர் நீலம்.
புதுச்சேரித் தேர்தலில் இருவருக்கும் ஓட்டே கிடையாது.
இருந்தாலும் தெருமுனையில் நிற்கும் இரண்டு கொடிக்கம்பத்தில்
ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு
விநாயகர் ஊர்வலத்திலிருந்து குப்பைவண்டி வரைக்கும் சண்டை.

அவர்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு
நட, நில், சுடு, சோறு.
மிச்சத்துக்கு நான்.
நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி.
பிறப்புச் சான்று, மணப்பதிவு,
செத்தவர் பெயரில் வரும் பென்ஷன் கடிதம்
பக்கத்துக்கு முந்நூறு வாங்குகிறவள்.
இது இலவசம்.

முதல் வாக்கியம் சுலபம்.
நாடு பிளந்து கிடக்கிறது என்கிறார், என்றேன்.
‘உங்காளாலதான்’ என்றார் மாமா.
‘உங்காளாலதான்’ என்றார் கனகராயர்.
அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவர் ‘நூ’ என்றார்.
ஒரே அசை.
பிரெஞ்சில் அது கதவில்லாத வாசல்,
நிற்கிறவன் உள்ளேயா வெளியேயா என்று யாரும் கேட்பதில்லை.
தமிழுக்கு வந்ததும்
தலையை எண்ணச் சொல்கிறது.
நாம் என்றால் கேட்கிறவனும் உண்டு,
நாங்கள் என்றால் அவன் தெருவில்.

‘நாம் தவறிவிட்டோம்’ என்றேன்.
‘நாம என்ன தவறினோம்? அவனுங்க தவறினானுங்க.
நாங்கள்னு சொல்லு’ என்று எழுந்தார் கனகராயர்.
திருத்தினேன்.
அடுத்தது, ‘நாங்கள் இதைவிடப் பெரிய புயலைக் கடந்தவர்கள்.’
‘அது எப்படி? அதுல நானும் இருந்தேன்ல.
நாம்னு சொல்லு.’
மாமா சிரித்தார்:
தப்புக்கு நாங்கள், பெருமைக்கு நாமா?
சிரிப்பு அடங்கவில்லை, அதற்குள் ஒரு ‘நூ’ வந்தது,
வரி ஏற்றியது பற்றி.
இந்த முறை எழுந்தது மாமா.

திரையில் உதடுகள் ஓடிக்கொண்டிருந்தன.
நான் நான்கு வாக்கியம் பின்தங்கி,
பிறகு ஏழு.
அந்த ஏழில் என்ன சொன்னாரோ.
ஒருவேளை மன்னிப்பு.
ஒருவேளை ஒன்றுமில்லை.
மேசைமேல் வைத்த இரண்டு கையையும் விரித்தார்.
அதை மட்டும் மூன்று பேரும் பார்த்தோம்.

மார்த்தா அத்தை உள்ளேயிருந்து,
‘பென்சன் ஏத்துறானாமா?’
அதைப் பற்றிப் பேச்சில்லை அத்தை.
‘அப்ப எதுக்கு இந்நேரத்துக்கு ஃபேனு, லைட்டு?’

தேசிய கீதம் வந்தது.
இருவரும் எழுந்தார்கள், உடம்புப் பழக்கம்.
கனகராயருக்கு முட்டி பாதியில் நின்றுவிட்டது.
பார்க்காமலே காலால் முக்காலியைத் தள்ளினார் மாமா.
பார்க்காமலே பிடித்துக்கொண்டார் அவர்.

வாசலில் ஒற்றைச் செருப்பைத் தேடியபடி,
‘அன்னைக்கே அந்த மணல்ல நாம செத்திருக்கணும்டா,
இந்தக் கண்றாவியெல்லாம் கேட்டிருக்க வேணாம்.’
‘நீ செத்திருப்ப’ என்றார் மாமா,
‘தண்ணி எங்கிட்டல்ல இருந்துச்சு.’
அந்த ‘நாம’வை
யாரும் திருத்தச் சொல்லவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.
நேரம் ஒன்று ஆகப்போகிறது.

காலையில் மேசைக்கு ஒரு சொத்துப் பத்திரம்,
அண்ணன் தம்பி நாலு பேர் கையெழுத்து.
‘நூ’ என்று தொடங்கியது.
விரல் விசைமேல் நின்றது.
நொத்தேர் அனுப்பிய கட்சிக்காரர் எட்டிப் பார்த்தார்:
‘என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?’