முதுகுப் பக்கம்

முன்பக்கம் எல்லோரையும் மயக்கும்.
வெள்ளி இலை, மேலே நீல எனாமல்,
அதனடியில் வரிவரியாய்ச் செதுக்கல்.
சாய்த்தால் தண்ணீர் ஓடும்.
நான் கவிழ்த்துத்தான் பார்ப்பேன்.

ஸ்டவாங்கரில் அன்றும் மழை.
போர்கில்ட் ஹவுக்லாண்ட், எண்பத்தாறு வயது,
மழைக்கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்:
"முப்பத்தெட்டில் அப்பா அம்மாவுக்குக் கொடுத்த புரோச்.
அந்தக் குளிர்காலமே கப்பலோடு போய்விட்டார்."

லென்ஸைக் கண்ணில் இடுக்கினேன்.
இரண்டு எழுத்து, நடுவே ஒரு துடுப்பு:
துறைமுகத்துக்குப் பின்னால்
பட்டறை வைத்திருந்த தட்டான். ஆள் கிடைத்துவிட்டான்.
பக்கத்தில் 925.
930 என்றிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.
அதற்கும் கீழே, ஆங்கிலத்தில், நாட்டின் பெயர்.
கப்பலில் வந்திறங்கும் அமெரிக்கர்களுக்காக
யுத்தம் ஓய்ந்தபின் அடித்த முத்திரை.

"ஐம்பதுக்கு முன்னால் இருக்காது," என்றேன்,
விலை சொல்வதுபோல, முகம் பாராமல்.

அவள் விரல்விட்டு எண்ணினாள்.
பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தாள்.
கண்ணாடிப் பெட்டிகூடக் கிணுகிணுத்தது.

"ஐம்பத்திரண்டில்தான்
மத்தி டப்பா ஆலையில் அம்மாவை
மேற்பார்வைக்கு உயர்த்தினார்கள்.
முதல் சம்பளத்தை என்ன செய்தாய் என்று
பெரியம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள்.
அப்பா பேரைச் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறாள்,
திருடி!"

சான்றிதழில் ஆண்டு எழுதும் இடத்தில்
என் பேனா நின்றது.
"எழுதுங்கள்," என்றாள், "தட்டான் பேரும்.
வாங்கியவர் என்று கட்டம் இருக்கிறதா?"

இல்லை.
ஓரத்தில் கோடு இழுத்து
ஒன்று உண்டாக்கினேன்.
மாக்ன்ஹில்ட் என்று
எழுத்தெழுத்தாய்ச் சொன்னாள்.