நாற்காலியா, பெடலா

மாவு மில் நிற்கும்வரை ஊசி வைக்கக் கூடாது.
ஞாயிறு பன்னிரண்டரைக்கு பெல்ட் ஓயும்.
அப்புறம்தான் மாடியில் எங்கள் சண்டை.

ஜீவனஹள்ளி. ஒரே ஜன்னல். கம்பு மாவு படிந்த
ஸ்பீக்கர் பெட்டி, இம்தியாஸ் தானே அறுத்து ஒட்டியது.
நடுவில் அந்த ரெக்கார்ட்.
ஏதோ குளிர்நாட்டு நாலு பையன்கள்
திருத்த நேரமில்லாமல் இரண்டே நாளில்
ஒரே அறையில் நின்று அடித்துவிட்டுப் போனது.

"கேளு மச்சா," என்பான் கிளாரன்ஸ்,
கல்யாண பேண்டில் பேஸ் வாசிக்கிறவன்.
"கிட்டார்காரன் முன்னாடி ஓடுறான்.
பேஸ் அவனை விரட்டல. சும்மா பின்னாடி நடந்து வருது,
சம்பளத்தன்னிக்கு வீட்டுக்கு வர்ற ஆள் மாதிரி."

இம்தியாஸுக்கு வாசிப்பெல்லாம் அப்புறம்.
எத்தனை மைக், எங்கே வைத்தார்கள்.
டிரம்முக்கு ரெண்டுதான் என்று சூடம் அடிக்காத குறை.
கிட்டார் மைக்கில் சிம்பல் வழிந்திருக்கிறது,
யாரும் அடைக்கவில்லை,
அடைத்திருந்தால் இது இரும்பாக இருக்காது, தகரம்.

பெரிய வழக்கு வேறு.
முதல் பக்கம், கடைசிப் பாட்டு,
எல்லோரும் நிறுத்தும் நாலு எண்ணிக்கை மௌனத்தில்
ஒரு கீச்.
எலிக்குஞ்சு அளவு.
டிரம்மர் உட்கார்ந்த நாற்காலி என்பது இம்தியாஸ் கட்சி.
எண்ணெய் காணாத பெடல் என்பது துரைசிங்கம்.
பதினோரு வருடமாக.

துரைசிங்கம் விமானத் தொழிற்சாலை, பிரஸ் ஷாப்.
முப்பத்து மூன்று வருடம் தகடு அமுக்கியவர்.
"இரும்பு அழுறதும் மரம் அழுறதும் எனக்குத் தெரியாதா?"
கீச் வரும் இடத்தில் சுட்டுவிரலைத் தூக்குவார்,
பஸ்ஸை நிறுத்துவதுபோல்.

நான் அதிகம் பேசுவதில்லை. பிழைப்பே காது.
ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஆட்களை உட்கார்த்தி
'சத்தம் கேட்டா விரல் தூக்குங்க' என்கிற வேலை.
போன செவ்வாய், டோக்கன் பதினேழு: துரைசிங்கம்.
என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

தாழ்ந்த சுருதியில் எல்லாம் சரி.
இரண்டாயிரம் தாண்டியதும் கோடு
இருட்டில் ஒரு படி தவறியதுபோல் இறங்கியது.
நாலாயிரத்தில் ஒன்றுமில்லை.
ஆனால் விரல் எழுந்தது.
நான் பொத்தானை அமுக்காதபோதும் எழுந்தது.
என் இடைவெளியைப் பிடித்துவிட்டார்,
இரண்டு மூச்சுக்கு ஒன்று என்று.
தாளத்தை மாற்றினேன்.
விரல் மடியிலேயே கிடந்தது.

"இத அங்க சொல்லாத," என்றார் செருப்பு மாட்டும்போது.
எங்கே என்று நான் கேட்கவில்லை.

இன்று ஊசி இறங்குகிறது.
துரைசிங்கம் ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கை வைத்திருக்கிறார்,
சும்மா சாய்ந்தவர்போல.
பேஸ் அவருக்கு முழுசாக இருக்கிறது. கிட்டாரின் அடிவயிறும்.
சிம்பல் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கும்?
ஒரு ராத்திரி தலையணையைக் காதில் அமுக்கிப் பார்த்தேன்.
என் ரத்தம்தான் கேட்டது.

நிறுத்தம்.
ஒன்று. இரண்டு.
அவர் கால் பெருவிரல் தரையை அழுத்துகிறது.
மூன்று.
விரல்.
கீச்.

இம்மி பிசகவில்லை.
அந்த டிரம்மரே இவ்வளவு சரியாக எண்ணியிருக்க மாட்டான்.

"பார்த்தியா? பெடல்."
"நாற்காலி குரு! காது இருக்கா உங்களுக்கு?"
எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும்.

கிளாரன்ஸ் என் பக்கம் திரும்புகிறான்.
"காது டாக்டரம்மா, நீ சொல்லு.
பதினோரு வருஷமா வாயே திறக்கல."

எனக்கு அது நாற்காலி. சந்தேகமே இல்லை.
பழைய மரம், ஒரு பக்கமாகக் கனம் சாய்கிற ஓசை.

"இன்னொரு தடவை போடு," என்கிறேன்.

கீழே யாரோ கேழ்வரகு மூட்டையோடு
ஷட்டரைத் தட்டுகிறார்கள்.