காரணம் என்ற கட்டம்

பதிவேட்டில் அந்தக் கட்டம்
என் கட்டைவிரல் நகமளவு.
ஒன்றை மட்டும் எழுதவும் என்று
அச்சடித்திருக்கிறார்கள்.

ஜிபாரின் பனிக்குடம்
முந்தின இரவே உடைந்துவிட்டது.
கணவாயில் பனிதான் உடையவில்லை.
சாதிர்பெக்கின் லாரி பதினோரு மணி நேரம்
சக்கரம் புதைந்து நின்றதாம்.
அவள் முன் சீட்டில்
கையுறையைக் கடித்துக்கொண்டு.

வந்திறங்கியபோது முகம் ஊதியிருந்தது.
பூட்ஸைக் கழற்ற முடியவில்லை, கத்தியால் அறுத்தேன்.
ரத்த அழுத்தம் பார்த்தேன், மறுபடி பார்த்தேன்,
கருவி பொய் சொல்லட்டும் என்று.
சொல்லவில்லை.

ஏழாம் மாதம் ஒரே ஒரு முறை வந்தாள்.
கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளுப்பு.
இரும்புச்சத்து மாத்திரை
அடுத்த வண்டியில் வரும் என்றேன்.
அடுத்த வண்டியில் மாவு வந்தது.
அப்போதே கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது.
யாக் மாடுகளின் பின்னால் நிறைய நடந்திருப்பாள்
என்று நினைத்துக்கொண்டேன்.

நீர் பச்சையாக வந்தது.
மரக்குழலில் காது வைத்தால்
குதிரை ஓட்டமாகக் கேட்கவேண்டியது
நொண்டியது.
நின்று, யோசித்து, ஓர் அடி.

கழுத்தில் கொடி இரண்டு சுற்று.
நீலமாக வந்தான்.
அழவில்லை.

துடைத்தேன். முதுகைத் தேய்த்தேன்.
தலையை லேசாக நிமிர்த்தி, முகமூடி பொருத்தி,
பையை அமுக்கினேன்.
அமுக்கு, விடு, விடு.
அமுக்கு, விடு, விடு.
ஜெனரேட்டர் இருமி அணைந்தது.
சாதிர்பெக் லாரியைத் திருப்பி
விளக்கை ஜன்னலுக்குள் அடித்தான்.
அந்த மஞ்சளில் மார்பு ஏறியது தெரிந்தது:
என் கைக் காற்றில்,
அவன் மூச்சில் அல்ல.

பாமிரின் இந்த உயரத்தில் காற்றே மெலிசு.
நகரத்து மருத்துவர்கள் வந்தால்
நாலு படிக்கு ஒருமுறை நிற்பார்கள்.
அவனோ
முதல் படியில்.

ஏழாவது நிமிடம் விக்கல் மாதிரி ஒன்று.
கொஞ்சம் கழித்து இன்னொன்று.
பிறகு, கோபமாக, ஒரு கத்தல்.
"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் ஜிபார்.

அந்த ஏழு நிமிடம் எதை எடுத்துக்கொண்டது என்பது
இன்று தெரியாது.
கழுத்து நிற்கிறதா, கரண்டியைப் பிடிக்கிறானா,
பெயர் சொன்னால் திரும்புகிறானா,
பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.
பெயரே இன்னும் வைக்கவில்லை.

'கொடி சுற்று' என்று எழுதினால்
கட்டம் நிறைந்துவிடும்.
சாலை தப்பிக்கும், டீசல் தப்பிக்கும்,
மாவு மூட்டைகளுக்கு நடுவே வராத மாத்திரையும்.
வீங்கிய கணுக்காலைப் பார்த்த
நானும்.

பேனாவை மூச்சால் சூடாக்கி
எழுதத் தொடங்குகிறேன்.
கோட்டைத் தாண்டி,
அடுத்துப் பிறக்கப்போகும் பிள்ளையின்
வரிசைக்குள் போகிறது எழுத்து.