ஏழு பல்

பதினான்காவது கொண்டை ஊசியில் ஒரு வண்டி,
வந்து தூக்கு என்று போன் வந்தபோது
மணி மூன்றே கால்.
கன்னங்குறிச்சி ஷெட்டிலிருந்து
கிரேன் மேலே ஏற முக்கால் மணி நேரம்.
பனி. மிளகுக் கொடி வாசம். டீசல்.

தடுப்புச் சுவரில் மூக்கை வைத்து
நின்றுகொண்டிருந்தது ஜீப் மாதிரி ஒரு புது வண்டி.
அதன் அடியில் பாதி ஸ்கூட்டி.
மீதிப் பாதியைக் கீழே புதரில்
டார்ச் அடித்துத் தேடினார்கள்.
நதியாவை ஆம்புலன்ஸ் கொண்டுபோயிருந்தது.
அப்போது எனக்குப் பெயர் தெரியாது.
ஹோட்டல் சலவைக்கூடத்தில் ராத்திரி வேலை என்பதும்.
டிக்கி திறந்து ரோட்டில் கிடந்தவை
குட்டிக் குட்டி சோப்புகள், காகிதம் பிரிக்காதவை.

நான் தூக்குகிறவன். கேட்கிறவன் இல்லை.
ஸ்டியரிங் திருப்ப ஏறி உட்கார்ந்தேன்.
பிரேக்கைத் தேடிய கால் காற்றில் நின்றது.
அவ்வளவு பின்னால் சீட்.
ஆறடிக்கு மேலே ஒருவன்
சாய்ந்துகொண்டு ஓட்டியிருக்கிறான்.
கம்பியைத் தூக்கி உடம்பை உந்தினேன்.
கட கட கட கட
கட கட கட.
ஏழு பல்.
யோசித்தா செய்வோம் இதையெல்லாம்,
சரியும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுகிற மாதிரி.

விடிந்தால் மாதேஷ் சரண்டர்.
சேகோ மில் வீட்டில் எட்டு வருஷ டிரைவர்.
என் உயரம்தான். என் செருப்பு அவனுக்குச் சேரும்.
மில்காரர் பையன் அன்று ஊரிலேயே இல்லையாம்.
கோயம்புத்தூரில் கல்யாணமாம்.
போட்டோகூட இருக்கிறதாம்.

அடிவாரத்தில் மறியல்.
செக்போஸ்ட்டுக்கு முன்னால் கொதிக்கிற தாரில்
மலையே இறங்கி உட்கார்ந்திருந்தது.
சலவைக்கூடப் பெண்கள் யூனிபார்மோடு.
ஆட்டோக்காரர்கள், காலேஜ் பையன்கள்,
பலாப்பழ வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்த ஒருவர்.
யார் ஓட்டினான் என்றது ஒரு குரல்.
யார் ஓட்டினான் என்றது ரோடு.
நானும் கத்தினேன், தொண்டை கட்டும்வரை.
யாரைக் கேட்கிறேன் என்று
பாதியில்தான் உறைத்தது.

அன்று ராத்திரி மாதேஷ் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது.
மில் வீட்டுச் சுவர் உயரம்.
அதுவரை எறிய யாருக்கும் கை வரவில்லை.

மறுநாள் பூக்கண்காட்சி, பாதையை விடுங்கள் என்று
ஆர்.டி.ஓ. கும்பிட்டே கேட்டிருந்தார்.
நாலு மணிக்கு முதல் டூரிஸ்ட் பஸ் ஏறியது.
ஜன்னலில் ஒரு குழந்தை டாட்டா காட்டியது.
எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவர்களில் சிலர்
பழக்கத்தில் திருப்பிக் காட்டினார்கள்.

மகஜரில் எழுதிவிட்டார்கள்:
ஓட்டுநர் இருக்கை
மாதேஷின் உயரத்துக்குப் பொருந்தியிருக்கிறது.
பொருந்தத்தான் செய்யும்.

நேற்று தீர்த்தகிரி ஷெட்டுக்கு வந்தார், நதியாவின் அப்பா.
ஸ்கூட்டி எப்போது கிடைக்கும் என்றார்.
கேஸ் முடியணும் என்றேன்.
தலையாட்டினார். இன்னும் பதினோரு தவணை பாக்கி என்றார்.
யாரையும் திட்டவில்லை.
திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

வண்டி இறக்கிய அன்றே மில் ஆள்
இரட்டைக் கூலி கொடுத்து
பில் வேண்டாம் என்றிருந்தான்.
இப்போது பில் புக்கை எடுத்தேன்.
கார்பன் வைத்தேன். அழுத்தி எழுதினேன்.

ஜீப் தூக்கியது, பதினான்காவது வளைவு.
ஸ்கூட்டி, பாதி.
ஸ்கூட்டி, மீதி.
டிரைவர் சீட் முன்னால் தள்ளியது,
என் கையால், ஏழு பல்.

தொகை என்கிற கட்டத்தில்
வெகுநேரம் பேனா நின்றது. அதைக் காலியாகவே விட்டேன்.
கீழே, எப்போதும் கிறுக்குகிற கையெழுத்து இல்லை,
முழுப் பெயர்: சு. பெரியதம்பி, கிரேன் ஆபரேட்டர்.
அஸ்தம்பட்டியில் கோர்ட் பத்து மணிக்குத் திறக்கும்.

மேல் தாளைத் தூக்கிப் பார்த்தேன்.
இரண்டாவது தாளில் நீலமாக இறங்கியிருந்தது.
மூன்றாவதில் கார்பன் இல்லை,
ஆனாலும் விரலால் தடவினால் தெரிந்தது.