மூன்றாம் மாடியில் கிழக்கு

சுண்ணாம்பு நீற்றும்போது தொட்டி பொங்கி
இரண்டு கண்ணிலும் தெறித்திருக்கிறது.
ஒச்சுக்காளை, முப்பத்தெட்டு, எழுமலை,
படுக்கை எண் பதினொன்று.
கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் தள்ளி,
லிஃப்டில் ஏற்றி, இரண்டு வராந்தா வளைத்து
இங்கே கிடத்தியபோது மணி ஒன்பது.

பதினொன்றரைக்குத் தாகம் என்றார்.
இடது பக்கம், மேசையில் இருக்கு என்றேன்
கோப்பில் எழுதிக்கொண்டே.
டம்ளர் விழுந்தது.
துடைத்து, ஊற்றி, மறுபடி இடது என்றேன்.
இந்தத் தடவை ஜக்கு.

"எடதுங்கிறது
நான் புரண்டா அதுவும் கூடவே புரண்டு படுக்குது சிஸ்டர்.
கிழக்க எங்கிட்டு, அதச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை.
நான்கு வருஷமாக நடக்கிற வார்டு.
ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஏ.சி. பெட்டி.
செல்போனில் திசைமுள்ளைத் திறந்தால்
கட்டில் இரும்புக்கெல்லாம் தலையாட்டுகிறது.

இந்த ஊரில் கீழவெளி வீதி கீழே இல்லை,
மேலமாசி வீதிக்கு ஏறிப்போக வேண்டியதில்லை.
மேற்கே மலையில் இறங்கிய வைகை
கிழக்கே சரிந்துபோன சரிவுதான்
அந்தப் பெயர்களில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.
ஆற்றில் தண்ணீர் வராத வருஷத்திலும்
கண்டக்டர் வாயில் அது ஓடுகிறது,
கீழவாசல், கீழவாசல், எறங்கு.

மொட்டை மாடிக்கு ஏறினேன்.
மாட்டுத்தாவணி வெளிச்சத்தில்
யானைமலையின் முதுகு மங்கலாய்த் தெரிந்தது.
அது வடகிழக்கு.
அதிலிருந்து கொஞ்சம் வலது பக்கம்
(பாருங்கள், எனக்கு அதுதான் வருகிறது)
கையை நகர்த்தி நிறுத்தினேன்.
நீட்டிய கையை மடக்காமல் படியிறங்கினேன்.
ஒவ்வொரு திருப்பத்திலும் படிக்கட்டு என்னைத் திருப்பியது,
கையை விடவில்லை நான்.
ஒரு இடத்தில் கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.
"என்ன சிஸ்டர், சுளுக்கா?" என்றார்
வாட்ச்மேன் சௌந்தரபாண்டி.

தண்ணி கிழக்கால, என்றேன்.
ஒரே எட்டில் எடுத்தார், குடித்தார்.
பிறகு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் எதையோ கூட்டிக் கழித்தார்.
"அப்ப நான்
வடக்க தல வச்சா படுத்திருக்கேன்?"

நானும் சௌந்தரபாண்டியும்
சக்கரத்தின் பூட்டைத் தட்டிவிட்டுக்
கட்டிலைத் தலைமாடு கால்மாடாய்ச் சுற்றினோம்.
மேசை நின்ற இடத்தில் நின்றது.
இடதில் இருந்த தண்ணீர் வலதுக்கு வந்துவிட்டது,
கிழக்கில் இருந்தது கிழக்கிலேயே இருந்தது.
காலையில் டாக்டர் கேட்பார்.
என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை.

மூன்று மணி இருக்கும். கண் அசந்திருந்தேன்.
மேசையைத் தடவும் சத்தம்.
"இதா?" மருந்துக் குப்பி.
"உது இல்ல" என்றேன்.
தூக்கத்தில் வந்துவிட்டது.

உச்சப்பட்டி முகாமில்
அம்மா இன்றைக்கும் சொல்கிற சொல்.
என் கிட்ட இருந்தால் இது,
இரண்டு பேருக்கும் எட்ட என்றால் அது,
உன் கைப்பக்கம் இருப்பது உது.
ஆறாம் வகுப்பில் மொத்த பெஞ்சும் சிரித்தது.
அன்றிலிருந்து காலையில் அதை
முகாமிலேயே விட்டுவிட்டுப் போகப் பழகினேன்.
எட்டு மணிநேர வேலையில் ஒரு முறையும்
தேவைப்பட்டதில்லை, அல்லது
தேவைப்பட்டபோதெல்லாம் விரலை நீட்டியிருக்கிறேன்.
கண் கட்டியவருக்கு எந்த விரலை நீட்ட?

"எது?"
"உது. உங்கட கைக்குக் கிட்ட."

கை அந்தரத்தில் நின்றது.
இதுவுமில்ல, அதுவுமில்ல...
அவர் உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது.
"அப்ப இங்கிட்டு, அங்கிட்டுக்கு நடுவுல..."
கட்டுக்குக் கீழே வாய் கோணிச் சிரித்தது.
"உங்கிட்டா?"

அப்படியொரு சொல்
எழுமலையில் இல்லை.
அம்மாவின் ஊரிலும் இல்லை.

ஓம், என்றேன். உங்கிட்டுத்தான்.

எடுத்துவிட்டார்.