ஒன்றும் ஏறாதபோது

ஞாயிறு. ஆலைப் புகைபோக்கிக்கும் லீவு.
நடு ஸ்டாண்டில் மோட்டரை நிறுத்தி
வயிற்றுப்பக்கக் கவரைக் கழற்றினேன்.
பக்கத்து வீட்டுக் கோழி வந்து
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மூன்றாம் கியரில், ஆலை வளைவில்
கையை லேசாக விடும்போது விக்கும்.
நின்றும் போகாது, ஒழுங்காய் ஓடவும் ஓடாது.
யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
ஒரு தயக்கம்.

'திராட்டல் பாடியே போச்சுக்கா, அறுநூறு வெள்ளி'
என்றான் பட்டறைக் குணாளன்,
மோட்டரைத் தொடாமலே.
அறுநூறு வெள்ளி, முக்கால் டன் செம்பனைக் குலை.
எனக்கு அப்படித்தான் கணக்கு வரும்.
பதினோரு வருஷமாய்
பகாவ் ரோட்டு ஆலை வாசலில்
லாரி நிறுக்கிறேன்.

பெருவிரல் அளவு கறுப்புப் பெட்டி.
கை எவ்வளவு முறுக்கியது என்று
மூளைக்குச் சேதி சொல்லும் வேலை அதற்கு.
மூன்று ஒயர்:
ஒன்று கொடுக்கும், ஒன்று வாங்கிக்கொள்ளும்,
நடுவில் உள்ளது பேசும்.
என் பெயர்ப் பட்டையின் ஊசியைக் கழற்றி
பேசுகிற ஒயரின் முதுகில் செருகினேன்.
சாவியைத் திருப்பினேன், என்ஜினைக் கிளப்பவில்லை.
மீட்டரின் கறுப்பு முனை பேட்டரியில்.

கை சும்மா இருக்கும்போது
புள்ளி ஆறு எட்டு வரவேண்டும்.
வந்தது புள்ளி ஏழு ஏழு.

குலை வெட்டும் ஷோஹேல் போன் வெளிச்சம் பிடித்தான்.
இரண்டு திருகாணியைத் தளர்த்தி
ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினேன்.
எழுபது. அறுபத்திரண்டு. எழுபத்து நான்கு.
'ஸிக்கிட், காக்கா, ஸிக்கிட்' என்றான்,
குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற குரலில்.
சரியாய் வந்தது. இறுக்கினேன்.
இறுக்கும்போதே நழுவியது.
மறுபடி தளர்த்தி, மறுபடி தட்டி,
இருட்டிய பிறகுதான் அறுபத்தெட்டு நின்றது.

ஆலை வளைவில் விக்கியது.
அடுத்த ஞாயிறும் தட்டினேன்.
அதற்கடுத்த ஞாயிறும்.

செவ்வாய் காலை பெருமழை.
மேடையில் லாரி இல்லை, ஆள் இல்லை,
நாற்பது கிலோ காட்டியது.
'மழைக்கும் காசு கொடுப்பீங்களா?' என்றார்
வரிசையில் முதலில் நின்ற டிரைவர்.
சுழி பொத்தானில் விரல் வைத்தேன்.
வைத்த விரலை எடுத்தேன்.

ஒரு தடவை இப்படி அழுத்திவிட்டு
அரை நாள் எல்லா லாரியையும் தப்பாய் நிறுத்திருக்கிறேன்.
மேடைக்கு அடியில்
ஒற்றைச் செம்பனைப் பழம் சிக்கியிருந்தது.
அன்றிலிருந்து
முதலில் குனிந்து பார்ப்பேன், பிறகுதான் சுழி.

மோட்டருக்கு நான் குனிந்தே பார்க்கவில்லை.

அன்று மாலை சீருடையைக்கூட மாற்றாமல்
டாங்கிக்கு அடியில் கைவிட்டேன்.
வாங்கிக்கொள்ளும் ஒயர்
சட்டத்தோடு சேரும் இடத்தில் பச்சை பூத்திருந்தது.
அதன்மேல் எறும்புகள் மண் குழைத்து
ஒரு குடியிருப்பே கட்டியிருந்தன.
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
முட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவை ஓடியபோது
கொஞ்சம் கஷ்டமாய் இருந்தது.

செம்பு பளிச்சென்று தெரிந்தது.
மீட்டரில் இப்போது ஐம்பத்தொன்பது.
ஆக, மூன்று ஞாயிறாய்
உண்மை சொன்னவனைத்தான்
தட்டித் தட்டித் திருத்தியிருக்கிறேன்.
பெட்டியின் ஓரத்தில்
தொழிற்சாலை போட்ட மஞ்சள் கோடு
அழுக்குக்குக் கீழே இருந்தது.
கோட்டைக் கோட்டோடு சேர்த்தேன்.
அறுபத்தெட்டு.
ஷோஹேல் இன்னும் தோட்டத்திலிருந்து வரவில்லை.
யாரிடமும் காட்ட முடியவில்லை.

குணாளன் பட்டறையைத் தாண்டிப் போனேன்.
அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, நானும் ஹாரன் அடிக்கவில்லை.
ஆலை வளைவு. மூன்றாம் கியர்.
கையை லேசாக விட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

சந்தி வரை போய்த் திரும்பி வந்தேன்,
அந்த ஒன்றும் நடக்காததை
இன்னொரு தடவை கேட்க.